அந்த 10 எங்கிருந்து வந்தது? பழைய மின்னோட்ட அலகுகளை மாற்றுவது பற்றி

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கடை விரிப்பவர்களிடம் பழைய இயற்பியல் பாடப் புத்தகங்கள் கிடைக்கும். அட்டை கிழிந்திருக்கும், ஆனால் உள்ளே விஷயம் நன்றாக இருக்கும். படம் போட்டு, அவசரப்படாமல் விளக்கியிருப்பார்கள். அப்படி ஒரு புத்தகத்தை வாங்கிப் போய்ப் படிக்கும் மாணவர்கள் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் (கம்பிச் சுருளின் நடுவே உள்ள காந்த முள் திரும்பும் கோணத்தை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) பாடத்துக்கு வந்ததும் குழம்பிப் போகிறார்கள். வகுப்பில் எழுதிய சூத்திரத்தில் இல்லாத ஒரு 10, பழைய புத்தகத்தின் சூத்திரத்தில் முதல் ஆளாக நிற்கிறது:

மின்னோட்டம் = (10 × ஆரம் × புவிக் காந்தப்புலத்தின் கிடைக்கூறு × டேன் கோணம்) ÷ (2 × பை × சுற்றுகளின் எண்ணிக்கை)

அச்சுப்பிழையோ என்று சிலர் அதை அடித்தே விடுகிறார்கள். அடிக்கக் கூடாது. அந்தப் 10தான் ஒரு பழைய மின்னோட்ட அலகை ஆம்பியராக மாற்றித் தருகிறது. இந்த ஒரு எண்ணைப் புரிந்துகொண்டால் பழைய அலகுகள் பற்றிய பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் ஒளியின் வேகம் வருகிறது, அதற்கும் வருவோம்.

மாற்றும் எண்ணைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது யாருடைய அலகு? நம் பக்கம் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இது பழக்கமான கேள்விதான். புதுச்சேரியில் ஒரு குழி என்றால் 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. தஞ்சாவூர்ப் பக்கம் குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. எந்த ஊர்க் குழி என்று கேட்காமல் சதுர அடிக்கு மாற்றினால் கணக்கு நான்கு மடங்கு தப்பும். மின்னோட்டத்தில் அதே தவறைச் செய்தால் 3,000 கோடி மடங்கு தப்பும். மிகைப்படுத்தவில்லை, அந்த எண் கீழே அப்படியே வரும்.

இன்று நாம் பயன்படுத்தும் மீட்டர், கிலோகிராம், வினாடி முறைக்கு முன் அறிவியலில் செல்வாக்கோடு இருந்தது சென்டிமீட்டர், கிராம், வினாடி முறை. அதில் விசையின் அலகு டைன். ஒரு டைன் என்பது ஒரு நியூட்டனில் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 10⁻⁵ நியூட்டன். இந்த முறையில் மின்சாரத்துக்கு அலகு வகுக்கப் புகுந்தவர்கள் இரண்டு வெவ்வேறு வாசல் வழியாகப் போனார்கள். ஒன்று காந்த வழி, மற்றது நிலைமின் வழி.

முதலில் காந்த வழி. மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புகிறது என்று டென்மார்க்கின் அர்ஸ்டெட் 1820இல் அறிவித்தார். அதே ஆண்டிலேயே பாரிஸில் ஆம்பியர், இரண்டு இணைக் கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று காட்டினார். இந்த விசையை வைத்தே அலகு சொல்லிவிடலாம். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு நீண்ட இணைக் கம்பிகள். இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம். ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் 2 டைன் விசை வந்தால் அந்த மின்னோட்டம் ஓர் அலகு. இதன் பெயர் ஆப்ஆம்பியர். பயட்-சாவர்ட் விதியில் நாம் படிக்கும் பயட் என்ற பிரெஞ்சு அறிவியலாளரின் பெயராலும் இதைக் குறிப்பார்கள். பழைய நூல்களில் பல நேரம் பெயரே இருக்காது, 'இ.எம்.யு.' (மின்காந்த அலகு) என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஆப்ஆம்பியர், பயட், மின்னோட்டத்துக்கான இ.எம்.யு. மூன்றும் ஒன்றே.

இது எத்தனை ஆம்பியர்? புத்தகத்தை நம்ப வேண்டாம், நாமே போட்டுப் பார்க்கலாம். 1948 முதல் 2019 வரை இருந்த ஆம்பியர் வரையறைப்படி, ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கம்பிகளில் தலா 1 ஆம்பியர் பாய்ந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசை. இப்போது இரண்டிலும் 10 ஆம்பியர் விடுவோம். விசை இரண்டு மின்னோட்டங்களின் பெருக்கலைப் பொறுத்தது, ஆகவே 100 மடங்கு கூடும்: 2 × 10⁻⁵. அப்புறம் இடைவெளியை ஒரு மீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டராகக் குறைப்போம். இன்னொரு 100 மடங்கு: 2 × 10⁻³ நியூட்டன். இது ஒரு மீட்டர் நீளத்துக்கு. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நூற்றில் ஒரு பங்கு, 2 × 10⁻⁵ நியூட்டன். ஒரு டைன் 10⁻⁵ நியூட்டன் என்று பார்த்தோம். ஆக 2 டைன்! ஆப்ஆம்பியரின் வரையறை அப்படியே வந்துவிட்டது. எனவே 1 ஆப்ஆம்பியர் = 10 ஆம்பியர்.

பெரிய அலகே இருந்திருக்க, எதற்காக அதில் பத்தில் ஒரு பங்கை ஆம்பியர் என்று வைத்தார்கள்? இதற்குக் காரணம் மின்னோட்டம் அல்ல, வோல்ட்டும் ஓமும். காந்த வழி முறையில் மின்னழுத்தத்தின் அலகு மிகமிகச் சிறியது. நம் வோல்ட்டில் பத்து கோடியில் ஒரு பங்கு. மின்தடையின் அலகு அதைவிட மோசம், ஓமில் நூறு கோடியில் ஒரு பங்கு. தந்திக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த பொறியாளர்களுக்கு இது உதவவில்லை. அன்று புழக்கத்தில் இருந்த டேனியல் மின்கலத்தின் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமாக ஓர் அலகும், சீமென்ஸ் பயன்படுத்திய பாதரசத் தம்பத்தின் தடைக்கு ஏறத்தாழச் சமமாக ஓர் அலகும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அதற்காக வோல்ட்டை 10⁸ மடங்கு என்றும் ஓமை 10⁹ மடங்கு என்றும் வைத்தார்கள். வோல்ட்டை ஓமால் வகுத்தால்தான் மின்னோட்டம். 10⁸ ÷ 10⁹ = 1/10. ஆம்பியர் பத்தில் ஒரு பங்காக விழுந்தது இப்படித்தான். 1881இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு இதை ஏற்று ஆம்பியரின் பெயரைச் சூட்டியது.

அதற்கு முன்பு பிரிட்டனில் இதே அளவு மின்னோட்டத்தை 'வேபர்' என்று அழைத்தார்கள். இன்று வேபர் காந்தப் பாயத்தின் அலகு. 1870களின் கட்டுரை எதையாவது படிக்க நேர்ந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கால்வனாமீட்டருக்குத் திரும்பலாம். சுருளில் 50 சுற்று, ஆரம் 8 சென்டிமீட்டர், முள் 45 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரிப் பக்கம் புவிக் காந்தப்புலத்தின் கிடைக்கூறு சுமார் 0.40 காஸ். 45 பாகைக்கு டேன் மதிப்பு 1. முதலில் அந்தப் 10ஐ விட்டுவிட்டுப் போடுவோம்: 8 × 0.40 = 3.2. கீழே 2 × 3.1416 × 50 = 314.16. வகுத்தால் 0.0102. இது ஆப்ஆம்பியர். ஆரத்தைச் சென்டிமீட்டரிலும் புலத்தைக் காஸிலும் கொடுத்தோம் அல்லவா, அந்த முறைக்கு உரிய அலகில்தான் விடை வரும். 10ஆல் பெருக்கினால் 0.102 ஆம்பியர். சுற்றில் தொடராக இணைத்த அம்மீட்டரும் இதற்குப் பக்கத்தில்தான் காட்ட வேண்டும். இதே கணக்கை மீட்டரிலும் டெஸ்லாவிலும் போட்டால் 10 தேவைப்படாது. ஆனால் அங்கே வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன் என்ற மாறிலி சூத்திரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு சூத்திரங்களையும் கலந்து, ஒன்றின் 10ஐயும் மற்றதன் மாறிலியையும் சேர்த்துப் போடுவதுதான் ஆய்வகப் பதிவேடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல். அலகை மாற்றினால் சூத்திரமும் சேர்ந்து மாறும். எண்ணை மட்டும் மாற்றி, சூத்திரத்தை அப்படியே விட முடியாது.

இப்போது இரண்டாவது வாசல். இங்கே கம்பியும் இல்லை, காந்தமும் இல்லை. அசையாமல் இருக்கும் மின்னூட்டம் மட்டும். சமமான இரண்டு மின்னூட்டங்களை வெற்றிடத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றுக்கிடையே ஒரு டைன் விசை வந்தால் ஒவ்வொன்றும் ஓர் அலகு. அதன் பெயர் ஸ்டாட்கூலும். ஒரு வினாடியில் ஒரு ஸ்டாட்கூலும் கடந்து போனால் அது ஒரு ஸ்டாட்ஆம்பியர் மின்னோட்டம். பழைய நூல்களில் 'இ.எஸ்.யு.' (நிலைமின் அலகு) என்று இருந்தால் இந்த வழி.

இது நம்ப முடியாத அளவுக்குச் சிறிய அலகு. ஒரு ஆம்பியரில் 2,99,79,24,580 ஸ்டாட்ஆம்பியர் இருக்கின்றன. கிட்டத்தட்ட 300 கோடி. திருப்பிச் சொன்னால் ஒரு ஸ்டாட்ஆம்பியர் 3.33564 × 10⁻¹⁰ ஆம்பியர். வீட்டில் ஓடும் 75 வாட் மின்விசிறி 230 வோல்ட்டில் சுமார் 0.33 ஆம்பியர் இழுக்கும். அது 0.033 ஆப்ஆம்பியர். ஸ்டாட்ஆம்பியரில் ஏறக்குறைய 100 கோடி.

அந்த 2,99,79,24,580 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். அதே இலக்கங்கள்! சென்டிமீட்டரில் சொன்னால் 2.99792458 × 10¹⁰. ஒரு ஆப்ஆம்பியரில் எத்தனை ஸ்டாட்ஆம்பியர் என்று கேட்டால் விடை மிகச் சரியாக இந்த எண்தான். நான் மேலே சொன்ன 3,000 கோடி இதுவே. விளக்கு எதுவும் எரியாத, ஒளி என்ற பேச்சே எழாத ஒரு கணக்கில் ஒளியின் வேகம் எப்படி நுழைந்தது? இயற்பியலில் இதைவிட அழகான கேள்வி குறைவு என்றே நினைக்கிறேன்.

படிப்படியாகப் பார்ப்போம். நிலைமின் வழியில் விசை என்பது மின்னூட்டத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. காந்த வழியில், ஓரலகு நீளத்துக்கான விசை என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தின் இரண்டு மடங்கைத் தூரத்தால் வகுத்தது. இரண்டிலும் வேறு மாறிலி எதுவும் வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் அலகுகளை வகுத்தார்கள். ஆனால் மின்னூட்டமும் மின்னோட்டமும் ஏற்கெனவே உறவுள்ளவை. வினாடிக்கு இவ்வளவு மின்னூட்டம் போவதுதான் மின்னோட்டம். ஒரே பொருளை இரண்டு விதமாக வரையறுத்துவிட்டதால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது ஓர் எச்சம் நிற்கிறது. அந்த எச்சத்தின் பரிமாணம் என்ன என்று பார்த்தால் நீளம் வகுத்தல் நேரம். அதாவது ஒரு வேகம். இதுவரை வெறும் அலகுக் கணக்கு. அந்த வேகம் எவ்வளவு என்பதைத் தாளில் கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் வில்ஹெல்ம் வேபரும் ருடால்ஃப் கோல்ராஷும் அளந்தார்கள். லேடன் ஜாடி ஒன்றில் மின்னூட்டத்தைச் சேமித்து, அது எவ்வளவு என்று நிலைமின் விசையை வைத்து அறிந்துகொண்டார்கள். பிறகு அதே மின்னூட்டத்தைக் கால்வனாமீட்டர் வழியாகப் பாய விட்டு, முள் எவ்வளவு அசைகிறது என்று பார்த்துக் காந்த வழி அலகிலும் கணக்கிட்டார்கள். 1856இல் அவர்கள் வெளியிட்ட முடிவை நாம் பேசும் விகிதமாக மாற்றினால் வினாடிக்குச் சுமார் 3,10,000 கிலோமீட்டர் வருகிறது. பிரான்சில் ஃபிஸோ 1849இல் சுழலும் பற்சக்கரத்தை வைத்து அளந்திருந்த ஒளியின் வேகம் இதற்கு மிக அருகில் இருந்தது. இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல என்று சொல்லத் துணிந்தவர் மேக்ஸ்வெல். ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவற்றில் முக்கியமானது இந்த அலகு மாற்ற எண். அதனால்தான் மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்: அந்தப் 10 மனிதர்கள் வசதிக்காக வைத்தது, இந்த 3 × 10¹⁰ இயற்கை வைத்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் மனப்பாடம் செய்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போய்விடும்.

இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துத் தைத்த ஒரு முறையும் உண்டு, காஸியன் முறை. வானியல், பிளாஸ்மா இயற்பியல் நூல்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். இதில் மின்னோட்டம் ஸ்டாட்ஆம்பியரில், காந்தப்புலம் காஸில். நீண்ட நேர்க்கம்பியைச் சுற்றியுள்ள புலத்துக்கு இந்த நூல்கள் தரும் சூத்திரம்: 2 × மின்னோட்டம் ÷ (ஒளிவேகம் × தூரம்). கம்பிக்கும் ஒளிவேகத்துக்கும் என்ன தொடர்பு என்று பயப்பட வேண்டாம். ஸ்டாட்ஆம்பியரை ஒளிவேகத்தால் வகுத்தால் ஆப்ஆம்பியர் வரும் என்று இப்போதுதானே பார்த்தோம். சூத்திரம் அந்த மாற்றத்தைத் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது, அவ்வளவுதான். கம்பியில் 1 ஆம்பியர், தூரம் 1 சென்டிமீட்டர் என்று வைத்துச் சரிபாருங்கள்: 1 ஆம்பியர் என்பது 2.998 × 10⁹ ஸ்டாட்ஆம்பியர், அதை 2.998 × 10¹⁰ ஆல் வகுத்தால் 0.1, இரண்டால் பெருக்க 0.2 காஸ். நம் ஊர்ப் புவிப்புலத்தின் கிடைக்கூறில் சரிபாதி. கம்பியை வடக்குத் தெற்காக நீட்டி, ஒரு சென்டிமீட்டர் கீழே திசைகாட்டியை வைத்தால் முள் சுமார் 27 பாகை திரும்பும். ஒரு மின்கலமும் கம்பியும் இருந்தால் செய்து பார்க்கலாம். ஆனால் மின்கலத்தை நேரடியாகக் குறுக்கே இணைக்காமல், தகுந்த மின்தடை ஒன்றைத் தொடரில் வையுங்கள்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. இதில் பெயர் ஆம்பியரேதான், ஆனால் இன்றைய ஆம்பியர் அல்ல. கம்பிகளுக்கிடையே டைனை அளப்பது அந்தக் காலத்தில் எல்லா ஆய்வகத்துக்கும் முடிகிற காரியமாக இல்லை. தராசில் நிறுத்துப் பார்க்கும்படி ஓர் அலகு இருந்தால் நல்லது என்று நினைத்தார்கள். 1893இல் சிகாகோ மாநாடும் 1908இல் லண்டன் மாநாடும் இதற்கு வழி சொல்லின: வெள்ளி நைட்ரேட் கரைசலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தி, வினாடிக்கு 0.001118 கிராம் வெள்ளி படிந்தால் அது ஒரு சர்வதேச ஆம்பியர். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 4 கிராமும் சொச்சமும். இரண்டு மணி நேரம் ஓட விட்டால் ஒரு பவுன் எடை வெள்ளி தகட்டில் ஏறிவிடும். கண்ணால் பார்க்கக்கூடிய, தராசில் வைக்கக்கூடிய ஆம்பியர்!

பிறகு அளவீடுகள் நுட்பமானபோது, இந்த வெள்ளி ஆம்பியரும் ஆப்ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கும் துளி வேறுபடுவது தெரிந்தது. 1 சர்வதேச ஆம்பியர் என்பது 0.99985 ஆம்பியர். 1948 ஜனவரி 1 முதல் சர்வதேச ஆம்பியரைக் கைவிட்டு, விசையை வைத்து வகுத்த ஆம்பியருக்கே உலகம் திரும்பியது. வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு. எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் கிளாம்ப் மீட்டருக்கு இது தெரியவே தெரியாது, அதன் பிழையே இதைவிடப் பல மடங்கு. ஆனால் 1948க்கு முந்தைய துல்லியமான அளவீட்டு முடிவுகளை, உதாரணமாக மின்வேதியியல் மாறிலிகளை, இன்றைய மதிப்போடு ஒப்பிடும்போது இந்த 0.99985ஐ மறந்தால் நான்காவது தசம இடத்திலேயே இடிக்கும்.

பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். அளவு வரிசையை நினைவில் வைத்தால் போதும்: ஆப்ஆம்பியர் பெரியது, ஆம்பியர் நடுவில், ஸ்டாட்ஆம்பியர் மிகச் சிறியது. பெரிய அலகில் சொன்னால் எண் சிறுக்கும், சிறிய அலகில் சொன்னால் எண் பெருக்கும். நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் இருப்பவை 210 மெகாவாட் ஜெனரேட்டர்கள். இந்தத் திறனுள்ள ஜெனரேட்டர்களில் பரவலாக உள்ள 15.75 கிலோவோல்ட் அழுத்தத்தையும் 0.85 திறன் காரணியையும் வைத்துக் கணக்கிட்டால், முழுச் சுமையில் ஒரு ஃபேஸில் சுமார் 9,000 ஆம்பியர். ஆப்ஆம்பியரில் 900. ஸ்டாட்ஆம்பியரில் 2.7 × 10¹³, அதாவது 27 லட்சம் கோடி. ஆப்ஆம்பியரில் 90,000 என்று விடை வந்தால், கால்குலேட்டரைத் தொடாமலே தலைகீழாகப் பெருக்கிவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

2019 மே 20 முதல் ஆம்பியரின் வரையறை மறுபடி மாறியிருக்கிறது. இப்போது கம்பியும் இல்லை, விசையும் இல்லை. ஓர் எலக்ட்ரானின் மின்னூட்ட அளவை 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலையாக வைத்துவிட்டு, அதிலிருந்து ஆம்பியரைப் பெறுகிறார்கள். இதனால் ஆப்ஆம்பியருக்கும் ஆம்பியருக்கும் இடையிலான 10, வரையறையால் மிகச் சரியான 10 என்ற நிலையிலிருந்து அளந்து அறியும் எண்ணாக இறங்கியிருக்கிறது. விலகல் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. கால்வனாமீட்டர் கணக்கில் தயங்காமல் 10 என்றே போடலாம்.